ஆறு பேருக்கு ஒரு பிரிண்டர்!

காலை பத்தரை மணிக்கு எந்தக் காரியாலயத்துக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். மூலையில் ஒரு சின்ன மேஜை. அதன் மேல் ஒரு பிரிண்டர். பிரிண்டரைச் சுற்றி நாலு பேர். ஒருவர் அதன் கதவைத் திறக்கிறார், இன்னொருவர் மூடுகிறார். மூன்றாமவர் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். நாலாவது நபர், "நேற்றுச் சாயங்காலம் வரை நன்றாகத்தானே இருந்தது!" என்று சாட்சி சொல்கிறார். பிரிண்டரோ பச்சை விளக்கை எரிய விட்டுக் கொண்டு, தனக்கு ஒரு குறையும் இல்லை என்கிற பாவனையில் உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் மட்டும் ‘ஆஃப்லைன்’ என்ற ஒற்றை வார்த்தை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே பொய் சொல்லவில்லை. பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது குடியிருக்கும் விலாசம் தெரியவில்லை. அவ்வளவுதான் சங்கதி!

மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் பத்து நிமிஷத்தில் சரி செய்து விட்டு, பில்லைக் கொடுத்து விட்டுப் போய் விடுவார். என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை; அவரும் சொல்வதில்லை. அடுத்த மாதம் மின்சாரம் போய் வந்ததும் மறுபடியும் அதே கதை. உத்தியோகம் பார்க்கும் சகோதரிகள் இந்த வித்தையைத் தாங்களே கற்றுக் கொண்டால் என்ன? இதற்கு எஞ்சினீயரிங் படிப்பு வேண்டாம். நாலு பேர் உள்ள குடும்பத்தை நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது வெகு சுலபமாகவே புரிந்து விடும்.

மேஜைக்கு ஒரு பிரிண்டர் வாங்கி வைத்து விட்டால் தொல்லை விட்டதே என்று கேட்பீர்கள். ஆறு பிரிண்டர் என்றால் ஆறு விதமான மை, ஆறு ரிப்பேர், அடைத்துக் கொள்ளும் இடமும் ஆறு மடங்கு. அதோடு, லேசர் பிரிண்டர் பிறந்த காலத்தில் அதன் விலையே மயக்கம் போடச் செய்யும். அதைக் கண்டுபிடித்தவர் காரி ஸ்டார்க்வெதர் என்ற அமெரிக்கர். ஜெராக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1971-ல் அந்தக் கம்பெனியின் கலிபோர்னியா ஆராய்ச்சிசாலைக்கு மாற்றலாகிப் போய், அங்கே யந்திரத்தை உருவாக்கினார். 1985-ல் ஆப்பிள் கம்பெனி ‘லேசர்ரைட்டர்’ என்று ஒன்றைக் கொண்டு வந்தது. அதன் விலை 6,995 டாலர்! அந்த விலையில் மேஜைக்கு ஒன்று யாரால் வாங்க முடியும்? அதனால்தான் பல கம்ப்யூட்டர்களைக் கம்பி வழியாக இணைத்து, ஒரே பிரிண்டரைப் பங்கு போட்டுக் கொள்ளும் வசதியையும் சேர்த்தே கொடுத்தார்கள். இன்று விலை எவ்வளவோ இறங்கி விட்டது. வழக்கம் மட்டும் நிலைத்து விட்டது. கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே சமையலறை என்பது போல!

ஓர் ஆடிட்டர் காரியாலயம் என்று வைத்துக் கொள்வோம். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். இதை எப்படி இணைப்பது?

பலர் செய்வது இதுதான். பிரிண்டரோடு வரும் யு.எஸ்.பி. கம்பியை, பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் செருகி விடுவார்கள். அது கணக்கு எழுதும் அம்மாளின் கம்ப்யூட்டராக இருக்கும். அதிலிருந்து மற்ற ஐந்து பேரும் ‘ஷேர்’ செய்து கொள்வார்கள். முதல் வாரம் பிரமாதமாக ஓடும். ஒரு நாள் அந்த அம்மாள் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு லீவு போடுவார். அவருடைய கம்ப்யூட்டர் அணைந்திருக்கும். அன்றைக்கு ஆடிட்டர் உள்பட யாருக்கும் ஒரு தாள் கூட அச்சாகாது! ஒருவர் வீட்டுச் சாவியை நம்பி ஊரே குடியிருப்பது போன்ற ஏற்பாடு இது.

சரியான வழி, பிரிண்டரையே நெட்வொர்க்கில் ஒரு தனி அங்கத்தினராகச் சேர்த்து விடுவது. வாங்கும்போதே நெட்வொர்க் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். அப்படிப்பட்ட பிரிண்டரின் முதுகுப் பக்கத்தில், டெலிபோன் கம்பி செருகும் துவாரத்தைப் போல, ஆனால் சற்று அகலமாக, ஒரு துவாரம் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டு போய், காரியாலயத்துக்கு இன்டர்நெட் கொடுக்கும் ரௌட்டர் பெட்டியில் செருகினால் போதும். கம்பி இழுக்க வசதி இல்லையா? வைஃபை மூலமும் சேர்க்கலாம். ஆனால் நடுவில் இரண்டு சுவரும் ஓர் இரும்பு பீரோவும் நின்றால் வைஃபை தடுமாறும். கம்பி அப்படி இல்லை. போட்டால் போட்டதுதான்.

அடுத்தது விலாசம். ஒரு நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு ‘ஐ.பி. அட்ரஸ்’ என்று பெயர். 192.168.1.50 என்பது போல நாலு பகுதியாக இருக்கும். இந்த எண்ணைக் கொடுப்பவர் ரௌட்டர். இங்கேதான் ஒரு சூட்சுமம். ரௌட்டர் இந்த எண்ணைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குத்தான் விடுகிறது. மின்சாரம் போய் வந்தால், எல்லா யந்திரங்களும் ஒரே சமயத்தில் விழித்துக் கொண்டு, "எனக்கு ஓர் எண், எனக்கு ஓர் எண்!" என்று கேட்கும். நேற்றுப் பிரிண்டருக்கு இருந்த எண் இன்று யாருடைய டெலிபோனுக்கோ போய் விடலாம். கம்ப்யூட்டர்கள் பாவம், பழைய விலாசத்துக்கே காகிதத்தை அனுப்பிக் கொண்டிருக்கும். காலி செய்து போனவர் வீட்டில் தபால்காரர் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? ‘ஆஃப்லைன்’ என்ற வார்த்தைக்குப் பல சமயங்களில் இதுதான் அர்த்தம்.

இதற்கு மருந்து, பிரிண்டருக்கு நிரந்தர விலாசம் கொடுத்து விடுவது. பிரிண்டர் தயாராகும்போதே அதற்கு இன்னோர் எண்ணும் கொடுத்திருப்பார்கள். ‘மாக் அட்ரஸ்’ என்று பெயர். எழுத்தும் எண்ணும் கலந்து 12 இருக்கும். பிரிண்டரின் திரையில் ‘நெட்வொர்க்’ என்ற பகுதிக்குப் போனால் அதைக் காணலாம். அல்லது ‘கான்ஃபிகரேஷன் பேஜ்’ என்ற தாளை அச்சடித்தால் அதில் வரும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், இந்த மாக் அட்ரஸ் உள்ள யந்திரத்துக்கு எப்போதும் 192.168.1.50-ஐத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்து விடலாம். ரயிலில் ஸீட் ரிசர்வ் செய்வது போலத்தான். அதற்கு வைத்திருக்கும் பெயரும் ‘ரிசர்வேஷன்’ என்பதுதான்! ஒரே பிரிண்டராக இருந்தாலும், கம்பிக்கு ஒரு மாக் அட்ரஸ், வைஃபைக்கு வேறொரு மாக் அட்ரஸ் உண்டு. நீங்கள் எதில் இணைத்திருக்கிறீர்களோ அதைத்தான் எழுத வேண்டும்.

விலாசம் நிலைத்த பிறகு, ஆறு கம்ப்யூட்டர்களுக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டும். விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரில் ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ பகுதியில் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ என்பதற்குப் போங்கள். ‘ஆட் டிவைஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கம்ப்யூட்டர் தானே தேடத் தொடங்கும். சற்றுப் பொறுத்தால் ‘ஆட் மேனுவலி’ என்ற வரியும் தோன்றும். அதில் ஐ.பி. அட்ரஸைக் கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, நாம் ஒதுக்கிய எண்ணை நம் கையாலேயே எழுதுவது நல்லது. தேடிக் கண்டுபிடித்த உறவை விட, விலாசம் தெரிந்த உறவு உறுதியானது!

முன்பெல்லாம் ஒவ்வொரு பிரிண்டருக்கும் ‘டிரைவர்’ என்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அவசியம் தேவை. கம்ப்யூட்டர் பேசும் பாஷையை அவர்தான் பிரிண்டரின் பாஷைக்கு மாற்றிச் சொல்வார். இப்போது பொதுப் பாஷை ஒன்று வந்து விட்டது. 2010-ல் ஆப்பிள் கொண்டு வந்த ‘ஏர்பிரிண்ட்’ முறையில், டிரைவர் இல்லாமலே டெலிபோனிலிருந்து அச்சடிக்க முடிந்தது. பிறகு ‘மோப்ரியா’ என்ற பொது ஏற்பாடும் வந்தது. புதிய பிரிண்டர்களின் அட்டைப் பெட்டி மேல் இந்தப் பெயர்கள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பாதி வேலை குறையும்.

கடைசியாக ஒரு சிறு காரியம். காகிதத்தின் அளவு. நம் ஊரில் உபயோகிப்பது ஏ4. 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். அமெரிக்காவில் ‘லெட்டர்’ என்ற அளவு. அகலம் 216, நீளம் 279. சில பிரிண்டர்களும் கம்ப்யூட்டர்களும் அமெரிக்க அளவையே மனத்தில் வைத்துக் கொண்டு நம்மிடம் வந்து சேருகின்றன. தட்டில் ஏ4 நிறைய இருக்கும்; யந்திரமோ ‘லெட்டர்’ காகிதம் வேண்டுமென்று அடம் பிடித்துக் கொண்டு நிற்கும். பிரிண்டர், கம்ப்யூட்டர் இரண்டிலும் ஏ4 என்று ஒரு முறை குறித்து விட்டால் அந்த வழக்கு தீர்ந்தது.

* * *

எல்லாம் சரியாக அமைந்தும் சில நாள் அச்சு வராது. காரணம் பந்தி!

ஆறு பேரும் அனுப்பும் காகிதங்கள் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அச்சாகும். இந்த வரிசைக்குக் ‘கியூ’ என்றே பெயர். முன்னால் நிற்கும் ஒரு காகிதம் ஏதோ கோளாறினால் நகராமல் நின்று விட்டால், பின்னால் இருப்பவை அத்தனையும் காத்துக் கிடக்கும். இது தெரியாமல் டைப்பிஸ்ட் பெண் ஒரு முறை பொத்தானை அழுத்துவாள். வரவில்லை. மறுபடியும் அழுத்துவாள். கோபத்தோடு மூன்றாவது முறை. அடைப்பு நீங்கியதும் ஒரே கடிதம் மூன்று பிரதிகள் வந்து விழும்! வரவில்லையென்றால் மறுபடியும் அழுத்தாதீர்கள். பிரிண்டரின் பெயரைத் திறந்து வரிசையைப் பாருங்கள். தலைமாட்டில் நிற்கும் காகிதத்தை ரத்து செய்யுங்கள். மற்றவை தாமாக நகரும்.

இதுவரை சொன்னது சௌகரியத்தைப் பற்றி. ஆனால் ஒரு பிரிண்டர் பேசாமல் இருந்து விட்டால் வெறும் அசௌகரியம் மட்டும்தானா? ஒரு தேசத்தின் கஜானாவே ஆட்டம் கண்ட கதை ஒன்று உண்டு.

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. வங்காள தேசத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. டாக்காவில் அந்த நாட்டின் மத்திய வங்கி. அங்கே பலத்த காவல் உள்ள ஓர் அறையில் ஒரு பிரிண்டர். உலக வங்கிகள் பணம் அனுப்புவதற்காகத் தங்களுக்குள் செய்தி பரிமாறிக் கொள்ளும் ‘ஸ்விஃப்ட்’ ஏற்பாட்டோடு இணைக்கப்பட்டது. போகும் பணம், வரும் பணம் எல்லாவற்றுக்கும் இரவும் பகலும் தாள் அச்சடித்துக் கொண்டே இருப்பது அதன் உத்தியோகம். அன்று காலை சிப்பந்திகள் போய்ப் பார்த்தபோது, தட்டு காலி. யந்திரம் வேலை செய்யவில்லை. முன்பும் இப்படி மக்கர் செய்ததுண்டு. ஆகவே, எப்போதும் வரும் தொல்லைதான் என்று நினைத்தார்கள்.

மறு நாள் சனிக்கிழமை பிரிண்டரை ஓட வைத்ததும், அது வரை அடங்கிக் கிடந்த தாள்கள் வெளியே வந்தன. நியூயார்க்கில் உள்ள ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்து அவசரக் கேள்விகள்! வங்காள தேசம் அங்கே வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறக்குறைய நூறு கோடி டாலரை அனுப்பச் சொல்லி உத்தரவுகள் வந்திருக்கின்றனவே, உண்மைதானா என்று. அப்படி உத்தரவு எதையும் வங்கியில் யாரும் போடவில்லை. பதறிப் போய் நியூயார்க்கைத் தொடர்பு கொள்ள முயன்றார்கள். அங்கே அப்போது வார விடுமுறை!

கன்னம் வைத்தவர்கள் கம்ப்யூட்டர் வழியாக வந்தவர்கள். சுமார் ஓராண்டுக்கு முன்பே, வேலைக்கு மனுப் போடுவது போல் ஒரு ஈமெயில் அனுப்பி உள்ளே நுழைந்திருந்தார்கள். மொத்தம் 35 உத்தரவுகள்; 95 கோடியே 10 லட்சம் டாலர். அச்சான தாள் சாட்சியாகி விடும் என்று தெரிந்து, முதல் காரியமாகப் பிரிண்டரின் வாயை அடைத்து விட்டார்கள். பெரும்பாலான உத்தரவுகள் நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டன. 5 மட்டும் தப்பித்துப் போயின. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுபவரின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லைத் தப்பாக எழுதியிருந்ததால் சந்தேகம் எழுந்து, திரும்பி வந்தது. பிலிப்பைன்ஸ் போன 8 கோடியே 10 லட்சம் டாலரில் பெரும் பகுதி மணிலாவின் சூதாட்ட விடுதிகளுக்குள் போய் மறைந்தது. மார்ச் மாதம் வங்கியின் கவர்னர் ராஜிநாமா செய்தார். அங்கே கம்ப்யூட்டர்களை இணைத்திருந்தவை 10 டாலர் விலையுள்ள பழைய ‘சுவிட்ச்’ பெட்டிகள் என்றும், காவலுக்கு ‘ஃபயர்வால்’ கிடையாது என்றும் விசாரணை செய்த போலீஸ் அதிகாரி ராய்ட்டர் செய்தி நிறுவனத்திடம் சொன்னார்.

நம் ஆடிட்டர் காரியாலயத்தில் நூறு கோடி டாலர் இல்லைதான். ஆனால் ஆறு குடும்பங்களின் சம்பளக் கணக்கு இருக்கிறது; நூறு கட்சிக்காரர்களின் வருமானக் கணக்கு இருக்கிறது. அவ்வளவும் அந்த மூலையில் இருக்கும் யந்திரத்தின் வழியாகத்தான் போய் வருகிறது. கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடுகிறோம். பிரிண்டரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

2018 நவம்பர் கடைசியில் ஓர் ஆசாமி, உலகெங்கும் கதவு திறந்து கிடந்த பிரிண்டர்களில் ஒரு துண்டுப் பிரசுரத்தை அச்சாக்கி விட்டார். யூடியூபில் ஒருவருக்கு ஆதரவு தேடும் பிரசுரம். சுமார் 50,000 பிரிண்டர்கள் என்று அவரே சொல்லிக் கொண்டார். அவர் பூட்டு எதையும் உடைக்கவில்லை. இன்டர்நெட்டிலிருந்து நேரே பிரிண்டரை எட்டும்படி அந்தந்த இடத்துக்காரர்களே விட்டு வைத்திருந்தார்கள்.

நம் கதவை எப்படிச் சாத்துவது? பிரிண்டரின் விலாசத்தை இன்டர்நெட் பார்க்கும் திரையில் எழுதினால், அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அதற்குக் கம்பெனி கொடுத்த கடவுச் சொல்லை முதல் நாளே மாற்றி விடுங்கள். வெளியூரிலிருந்தும் அச்சடிக்கலாமே என்று ஆசைப்பட்டு ரௌட்டரில் வழி திறந்து விடாதீர்கள். வந்து போகிறவர்களுக்குத் தனி வைஃபை கொடுங்கள். கம்ப்யூட்டர் ‘அப்டேட்’ கேட்டால் தட்டிக் கழிக்காதீர்கள். 2021 ஜூலையில் விண்டோஸின் அச்சு வரிசைப் பகுதியிலேயே பெரிய ஓட்டை தெரிய வந்து, மைக்ரோஸாஃப்ட் அவசரமாக அடைக்க வேண்டியிருந்தது.

வெளியார் இருக்கட்டும், உள்ளே இருப்பவர்கள்? சம்பளப் பட்டியலை அனுப்பி விட்டு, எழுந்து போவதற்குள் டெலிபோன் மணி அடிக்கிறது. பேசி முடிப்பதற்குள் தட்டில் கிடக்கும் பட்டியலை மூன்று பேர் படித்து விடுகிறார்கள். ஒரு பெண்ணின் வைத்தியச் சான்றிதழோ ராஜிநாமாக் கடிதமோ இப்படி ஊர் வாயில் விழுந்தால், அந்தப் பெண் எத்தனை நாள் தலை நிமிர்ந்து நடப்பாள்? பல பிரிண்டர்களில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அச்சடிக்கும்போதே நாலு எண்கள் கொண்ட ஒரு ரகசியக் குறியைக் கொடுத்து விடலாம். நீங்கள் பிரிண்டர் அருகே போய் அந்த எண்களை அழுத்தினால்தான் தாள் வெளியே வரும். ‘செக்யூர் பிரிண்ட்’ அல்லது ‘பிரைவேட் பிரிண்ட்’ என்று பெயர் போட்டிருக்கும். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

பழைய யந்திரத்தைக் காயலான் கடைக்குப் போடும்போதும் ஜாக்கிரதை வேண்டும். பெரிய பிரிண்டர்களுக்கும் ஜெராக்ஸ் யந்திரங்களுக்கும் உள்ளே ஞாபகத் தட்டு உண்டு. அதில் பழைய தாள்களின் பிம்பங்கள் தங்கியிருக்கலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி என்ற வைத்திய இன்ஷூரன்ஸ் நிறுவனம், வாடகை யந்திரங்களை அதை அழிக்காமலே திருப்பிக் கொடுத்தது. நோயாளிகளின் விவரங்கள் வெளியே போயின. 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டித்தான் அந்த வழக்கைத் தீர்த்துக் கொண்டது.

சகோதரிகள் இன்றைக்கே செய்யக் கூடிய காரியம் ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். பிரிண்டரின் பெயர், மாடல், ஐ.பி. அட்ரஸ், மாக் அட்ரஸ், வாங்கிய தேதி, எந்த மை போட வேண்டும் — இவ்வளவையும் எழுதுங்கள். அதன் கீழே, யந்திரம் நின்று போனால் எந்த நாள், எந்த மணிக்கு, என்ன செய்ததும் சரியாயிற்று என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி குறித்து வாருங்கள். சாதாரணத் தொல்லை எது, வழக்கத்துக்கு மாறானது எது என்று அந்த வரிகளே சொல்லி விடும். தாளை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். நீங்கள் லீவு போட்ட அன்றும் காரியாலயம் நடக்கும். வீட்டில் ஒரு பிரிண்டரும் நாலு டெலிபோனும் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான்.

கடவுச் சொல்லை மட்டும் அந்தத் தாளில் எழுதி விடாதீர்கள். அது பீரோவுக்குள் இருக்கட்டும்!